அங்கி

அங்கயற்கண்ணி
தில்லி அலுவலகத்தின் வாயில் நுழையவில்லை.
முதல் வாரமே அங்கி ஆக்கிவிட்டார்கள்.
என் மொழியில் அதற்கு அர்த்தம் உண்டென்று
யாரிடமும் சொல்லவில்லை நான்.
அந்த டிசம்பரில்
சொல் மட்டும்தான் என்னிடம் இருந்தது,
துணி இல்லை.

துணி என்று வாங்கியது
சரோஜினி நகர் நடைபாதையில், அறுநூறு ரூபாய்க்கு.
சுத்தமான கம்பளி மேடம், சத்தியம் என்றான்.
பொங்கலுக்குள் முழங்கையில் உருண்டை உருண்டையாய்ப் பூத்து
அக்குளில் வாய் பிளந்தது.
ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன்.
உருகிக் கறுத்த மணியாகி விரலைச் சுட்டது.
மூடுபனியில் ஆறு நாற்பது பஸ்ஸுக்கு
ஒரு பிளாஸ்டிக் வாளியைப் போர்த்திக்கொண்டா
இத்தனை நாள் நின்றிருந்தேன்?

நான் தணிக்கைத் துறைக்காரி.
இரண்டாம் முறை ஏமாந்தால் உத்தியோகத்துக்கே அவமானம்.

லஜ்பத் நகரில் படியேறிப் போகிற கடை.
குர்னாம் என்கிற பையன் வேர்க்கடலை உரித்தபடி
மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான்.
அது எனக்கு வசதி.
வவுச்சர் கட்டைப் புரட்டுவதுபோல்
கோட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினேன்.

முஷ்டியில் கசக்கிப் பத்து எண்ணி விட்டேன்;
சுருக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கலைந்தது.
டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தேன்;
ஒரு புள்ளி வெளிச்சம் கசியவில்லை.
ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால்
துணி கிழியாமல் தாங்க
மிளகளவு இன்னொரு பொத்தான்.
உள்துணியின் முதுகில் ஒரு மடிப்பு,
நான் கை நீட்டிக் கம்பியைப் பிடிக்கும்போது விரிய.
தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி மிச்சம்:
யாரோ
நான் பருக்கப்போவதை
குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

ஓரத்தில் தொங்கிய பிசிரைக் கேட்டு வாங்கிக் கொளுத்தினேன்.
தலைமுடி பொசுங்கும் நாற்றம்.
இவ்வளவு சந்தோஷமாக அதை முகர்ந்தவள் உலகத்தில் இல்லை.
குர்னாம் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

எடை இரண்டு கிலோ இருநூறு.
அக்கா மகள் பிறந்தபோது அதே எடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து
பதினோரு நாள் சூடு கொடுத்தார்கள்.

விலை பதினோராயிரத்து நானூறு.

இங்கே எனக்கு இன்னும் இரண்டு குளிர்காலம்.
பிறகு தூத்துக்குடி கேட்டு மனு போட்டிருக்கிறேன்.
அங்கே மார்கழி என்றால்
மின்விசிறியை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைப்பது.
இரண்டால் வகுத்தால் ஐயாயிரத்து எழுநூறு.
இருபதால் வகுத்தால் ஐந்நூற்று எழுபது.
ஊரார் சொத்துக்கெல்லாம் தேய்மானம் போட்ட கை
எதால் வகுப்பதென்று தெரியாமல்
காற்றில் நின்றது.

கீழே இறங்கி, சுட்ட சர்க்கரைவள்ளி ஒன்று தின்றேன்.
எலுமிச்சை பிழிந்தவனின் விரல்கள் நீலமாக இருந்தன.
இன்னொன்றும் தின்றேன்.
ஏறிப் போனேன்.

பெயர்? என்றான் ரசீதுப் புத்தகத்தோடு.
அங்கி.
என்ன வாங்கினேன் என்று கேட்கவில்லையே,
பெயரைச் சொல்லுங்கள்.
இந்தியே தகராறு எனக்கு; இதில்
சிரிப்பை எப்படி மொழிபெயர்ப்பது?
அவன் எழுதவில்லை. இதெல்லாம் நான் கற்பித்தது.
அவன் எழுதியது: அங்கி, கோட், ஒன்று.
ஒரே சொல்லை இரண்டு தடவை எழுதிவிட்டு
மேட்சுக்குத் திரும்பிவிட்டான்.

பஸ் நிறுத்தத்தில் கையைப் பைக்குள் விட்டேன்.
போகவில்லை.
புதுக் கோட்டின் பைகளைத்
தைத்தே அனுப்புவார்களாம்.
வாடகை வீட்டுச் சாவியை எடுத்தேன்.
ஒவ்வொரு தையலாக,
அவசரமில்லாமல், இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு.