இரண்டு குழாய்கள்

லீபாயாவில் ஒரே ஒரு டிராம் பாதைதான்.
இருபத்தாறு வருடம் அதில் போய் வந்தேன்,
முதுகுத் தட்டு நழுவி நரம்பை நசுக்கும் வரை.
இப்போது எண்சாண் உடம்பில்
ஒரு சாண் பாதை.
ஓட்டுநர் நான். பயணியும் நான்.
நாலு மணி நேரத்துக்கு ஒரு வண்டி.

கால்கள் திரும்பி வந்தன, மெதுவாக,
கடன்பட்டவன் தெருமுனையில் தலைகாட்டுவதைப் போல.
அது மட்டும் வரவில்லை.
நிறைந்துவிட்டேன் என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்குமே,
ஐம்பத்தெட்டு வருடம் நான் காதில் போட்டுக்கொள்ளாத குரல்,
அது போய்விட்டது.
கைக்கடிகாரம் சொல்கிறது, நான் போகிறேன்.

நர்ஸ் ஸ்கைத்ரீத்தேவுக்கு என் மகள் வயது இருக்கும்.
நான் கூரையில் ஓர் ஈரக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வானிலை வாசிப்பவள் போல அவள் சொன்னாள்:
கையைக் கழுவுங்கள், நகக்கண் வரை.
வயிற்றைப் பார்த்தாற்போல் நிமிர்த்திப் பிடியுங்கள்,
வளைவு நேராகும்.
பாதியில் ஓரிடத்தில் நிற்கும்.
தள்ளாதீர்கள்.
மூச்சை விடுங்கள், ஒருமுறை இருமுங்கள்,
அதுவே வழிவிடும்.

இது எனக்குத் தெரிந்த விஷயம்.
தண்டவாளத்தில் பால் வண்டி நின்றால்
ஒரே ஒரு மணி, பிறகு காத்திருப்பு.
இரண்டாம் மணி அடிப்பவன் வேலைக்குப் புதிது.

"வெட்கத்தைக் கோட்டோடு சேர்த்து
வெளியே மாட்டிவிட்டு வாருங்கள்" என்றாள்.
மாட்டினேன்.
போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

மருந்திலேயே சரியாகிவிட்டது என்று வெல்தாவிடம் சொன்னேன்.
அட்டைப் பெட்டிகள் நிலவறையில்,
வெள்ளரி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால்.
குளியலறைக் கதவுக்குத் தாழ்.
கை கழுவிய பின்னும் தண்ணீர் ஓடும்:
ஒரு குழாயின் சத்தத்தை மறைக்க
இன்னொரு குழாய்.
பதினோரு வாரம்.
வெல்தா ஒன்றும் கேட்கவில்லை.
தண்ணீர் பில்லை மட்டும் ஒருநாள்
என் சூப்புத் தட்டின் கீழ் வைத்திருந்தாள்.

நவம்பரில், கடல் ஊருக்குள் வரப் பார்த்த இரவு.
இரண்டேகால் மணி. மின்சாரம் இல்லை.
டார்ச்சைப் பல்லில் கவ்வியிருந்தேன்.
உறையைக் கிழிக்கும்போது தும்மல் வந்தது.
டார்ச் உருண்டு தொட்டியின் அடியில் போய்
அங்கே ஒரு பழைய சோப்புத் துண்டுக்கு
வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.
கழுவிய கையால் தரையைத் தொடக்கூடாது.
எவ்வளவு நேரம் நின்றேனோ.

வெல்தா, என்றேன்.

முழங்கையால் தாழை நீக்கினேன்.
இரவு உடைமேல் என் டிராம் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள்.
முதலில் தண்ணீரை மூடினாள்.
பிறகு குனிந்து டார்ச்சை எடுத்தாள்.
"எங்கே காட்ட?"
"கீழே."
முப்பத்தொரு வருட மனைவி.
வெளிச்சம் கொஞ்சம் ஆடியது, பிறகு நிலைத்தது.
"பல்வலிக்காரன் மாதிரி தாடையை ஏன் கடிக்கிறாய்?"
சிரிப்பு வந்து இருமலாகியது.
வழி விட்டது.

ஜாடியில் விழும் சத்தம்
வெளியே காற்று போடும் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

"இதற்குத்தானா அவ்வளவு தண்ணீர்?"
"ஆமாம்."
"உள்ளே உட்கார்ந்து அழுகிறாய் என்று நினைத்தேன்."

சில நாள் அதுவும்தான்.
சொல்லவில்லை.

கடைசிச் சொட்டு வரை பொறுத்து
மெல்ல வெளியே இழுத்தேன்.
குப்பைக்கூடையைக் காலால் தள்ளிக் கொடுத்தாள்.
ஜாடியை வெளிச்சத்தில் தூக்கி,
மாவு அளக்கும் அதே ஒற்றைக் கண்ணைச் சுருக்கி,
நானூற்று முப்பது, என்றாள்.
நோட்டில் எழுதினாள். ஏழின் இடுப்பில் கோடு போடுகிறவள்,
நல்லவேளை ஏழு வரவில்லை, எனக்குக் குழப்பும்.

பாட்டரி தீரும் என்று டார்ச்சை அணைத்தாள்.
இருட்டிலேயே கை கழுவினேன்.
படுக்கையில் அவள் பாதம் பனிக்கட்டி.
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு
தூக்கத்தோடு கேட்டாள்,
"அடுத்த வண்டி ஆறேகாலுக்கா?"