ஏற்பட்ட

தார்த்து நகரில் மூன்றரைக்கே இருட்டு.
பயிற்சிக்கு ஒரு கற்பனைப் பால்பண்ணை,
கெட்டுப்போன தயிர்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடமே.
இருபது நிமிடம். மன்னிப்பு எழுதுங்கள்.

பதினோரு திரை. பதினொன்றிலும்
'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

தானாக ஏற்பட அதென்ன மழையா, என்றேன்.
யார் ஏற்படுத்தியது?
தாவெத் சிரித்தான்.
ஹெல்யே அந்தச் சொல்லை மட்டும் அழித்தாள்.
காலியிடத்தில் கர்சர் துடித்தபடி இருந்தது.

போலிக் கணக்குகளில் நானே தாய்மார்களாகி
வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
எல்லாவற்றுக்கும் அழகாகப் பதில் போட்டார்கள்.
ஒருத்தி மட்டும் திட்டவில்லை,
'பையன் இப்போதுதான் தூங்கினான்' என்றாள்.
அவளுக்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

வியாழன் நான்கு மணிக்கு
ஹெல்யேயின் ஆய்வேட்டைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன்.
காருக்குக் குளிர்கால டயர் மாற்றப் போய்விட்டு
ஆறரைக்கு அனுப்பினேன்:
'தவிர்க்க முடியாத தாமதம் ஏற்பட்டுவிட்டது.'

ஒரே நிமிடம்.
என் வாக்கியம் திரும்பி வந்தது,
கடைசிச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு.

கடை வாசலில் பனி.
கையுறையைப் பல்லால் கழற்றித் தட்டினேன்:
மறந்துவிட்டேன், ஹெல்யே.

நீலக் குறி இரண்டும் விழுந்துவிட்டன.
பதில் இல்லை.
கையுறையை இன்னும் போடவில்லை நான்.