மாதிரி எண் ஏழு

சேன் பியேர் துறைமுகத்துக்கு மேலே
பழைய சர்க்கரைக் கிடங்கின் மாடியில்
பன்னிரண்டு கோப்பை, பன்னிரண்டு எண்.
ஒன்றிலும் ஊர்ப்பெயர் இல்லை.
கரண்டியை முக்கி, சத்தமாக உறிஞ்சி,
நாக்கின் நாலு மூலைக்கும் காட்டித்
துப்பிவிட வேண்டும்.
விழுங்கினால் பதினோராவது கோப்பையில்
கை நடுங்கும்.

நான் வெந்நீர் ஊற்றுகிறவன்.
தொண்ணூற்று மூன்று டிகிரி, நாலு நிமிடம்.
நாக்குக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள்
வேறு மூன்று பேர்.
காரைக்காலில் வளர்ந்தவன்,
சிக்கரியின் மணம்தான் காப்பியின் மணம் என்று
இருபத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தேன்.
இதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்றை முகர்ந்ததும்
மூவரும் தலையாட்டினார்கள்: பிரேசில்.
வறுத்த வேர்க்கடலை, அதைக் கட்டிய காகிதம்.
மூன்று, கென்யா.
தக்காளிப் பாத்தியில் மழை விட்ட புளிப்பு.
ஐந்து, வியட்நாம் ரொபஸ்டா,
யாரோ வேண்டுமென்றே வைத்தது;
வெயிலில் கிடந்த ரப்பர் செருப்பு.
எனக்கு அதுதான் பிடித்திருந்தது.
அதையும் சொல்லவில்லை.

ஏழில் நின்றார்கள்.
மறுபடி முக்கினார்கள்.
கிரோந்தேன் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்,
ருசிக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ.
எத்தியோப்பியா, மலை உச்சி, என்றார் ஒருவர்.
ஏமன், என்றார் தோக்கியோவிலிருந்து வந்த அம்மாள்.
லிச்சி இருக்கிறது, ஆரஞ்சுத் தோல் இருக்கிறது,
கசப்பு எங்கே போயிற்று?

உறையைக் கிழித்தார்கள்.
கிரான் கூத்.
இங்கிருந்து ஒரு மணி நேரம்,
இரண்டு பள்ளத்தாக்குக்கு நடுவே
ஒற்றைச் சாலை முடிகிற இடம்.

இந்தத் தீவுக்கு முன்பு பூர்போன் என்று பெயர்.
அரசர்கள் போனபோது அதுவும் போயிற்று.
அதற்குள் கொட்டை கப்பலேறிவிட்டது, பெயரோடு:
ருவாண்டாவில் பூர்போன், சால்வடோரில் பூர்போன்.
ஊரிலேயே தங்கியது ஒரு குள்ள மரம்,
சின்ன இலை, கூம்பு உடம்பு,
கொட்டைக்குக் கூர்மூக்கு.
கரும்பு வந்து அதையும் காட்டுக்குள் தள்ளியது.
பட்டியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது,
பிரேசில்காரனும் மஞ்சள் பூர்போன்.
ஒன்றும் ஏழும் பங்காளிகள்.
மேசையில் ஒருவரை ஒருவர் தெரியவில்லை.

படிவத்தை நிரப்ப என்னை அனுப்பினார்கள்.
தமிழ் முகம், பேசுவாள் என்று.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
ஜிஸ்லேன் வயாபூரி, என்றாள்.
வையாபுரி என்று என் காது திருத்திக்கொண்டது.
கை திருத்தவில்லை,
அவள் சொன்னபடியே எழுதினேன்.

ரகம்?
காப்பி.
நட்ட வருடம்?
நடவில்லை, கோழிக்கூட்டுக்குப் பின்னால் தானாக வந்தது.
எத்தனை மரம்?
பதினொன்று. (விரலை மடக்கி)
இல்லை, ஜனவரிப் புயலுக்குப் பிறகு எட்டு.

ஒரு கிலோ என்ன விலை போகும் என்று சொன்னேன்.
கோழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.
நாங்கள் இதைக் குடிப்பதில்லை, என்றாள்.
புருஷனுக்குச் சர்க்கரை ஆலையில் இரவு முறை,
இதைக் குடித்தால் மனுஷன் தூங்கிவிடுகிறான்.

உள்ளே போய்
கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து
பால் விட்டு, சர்க்கரை அள்ளிப் போட்டு
எனக்கு ஒரு கோப்பை கொண்டுவந்தாள்.
நிச்சயமாக எண் ஐந்து.
வெயில், ரப்பர், வீட்டு வாசல்.
துப்ப அங்கே பாத்திரம் இல்லை.
இன்னொன்று கேட்டேன்.