அடைப்புக்குறி இல்லாத தக்காளி

வேலந்தாவளம் சந்தைக்கு மேலே தகரக்கூரை அறை.
மணி இரண்டே கால்.
கீழே பெட்டிகள் இறங்குகிற அதிர்வில்
என் மேசையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது.

மூன்றாம் நாளாக ஒற்றப்பாலத்திலிருந்து போன்:
“சீட்டில் முருங்ஙயுண்டு, மத்தனுண்டு.
வண்டியில் ரெண்டும் இல்லா.”
ரப்பாயி முதலாளி நோட்டைப் புரட்டாமலே
லோடுமேன் கிட்டான் கூலியில்
ஆயிரத்து இருநூறு பிடித்துவிட்டார்.
கிட்டான் துண்டை உதறித் தோளில் போட்டான்.
அவ்வளவுதான்.

ஆள் உயர முருங்கைக் கட்டை
லுங்கிக்குள் ஒளித்துப் போக முடியுமா
என்று எனக்குத் தோன்றியது நேற்று.
தோன்றியிருக்க வேண்டியது முதல் நாளே.

சீட்டு அடிக்கிற நிரல் என்னுடையது,
கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடும் ஷெல்.
முதலில் பிரிண்டரைச் சந்தேகித்தேன்.
பிறகு மின்வெட்டை.
பிறகு (சொல்லக் கூச்சம்தான்) எடை போடுகிற பையனை.
கடைசியில் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு எக்கோ வைத்து,
கிணற்றில் கல் போட்டுக் காது கொடுப்பதுபோல,
இறங்கி வந்தேன்.

திருச்சூர் வண்டி: வெண்டை, முருங்கை, பூசணி.
மூன்று. சரி.
அடுத்தது ஒற்றப்பாலம். தக்காளி மட்டும்.
எண்ணச் சொன்னால்
மூன்று என்கிறது.

ஒற்றைச் சரக்கு வண்டிக்கென்று
போன மாசம் அவசரத்தில் நான் சேர்த்த வரி:
சுமை, சமக்குறி, தக்காளி.
ஒரு பொருள்தானே, அடைப்புக்குறி எதற்கு
என்று விட்டிருக்கிறேன்.

ஷெல் கோபிக்கவில்லை.
பிழை என்று ஓர் எழுத்து சொல்லவில்லை.
பூஜ்ஜியமாவது இடத்தில் இருந்த வெண்டையை எழுப்பி
தக்காளியை உட்காரவைத்தது.
பின்னால் இருந்த முருங்கையும் பூசணியும்
அசையவே இல்லை.

எல்லை தாண்டியதும் டிரைவர்
பஸ்ஸின் முன்பலகையை மலையாளத்துக்குத் திருப்புவாரே,
உள்ளே கோழிக்கூடையும் அதே ஆட்களும்
அதே தூக்கத்தில்,
அப்படி.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
இரண்டு வளைவு போட்டேன்.
மறுபடி ஓட்டினேன். ஒன்று என்றது.
பத்துத் தடவை ஓட்டினேன், பத்திலும் ஒன்று.
சந்தோஷமாகத்தான் இருந்தது ஒரு நிமிஷம்,
வெட்கங்கெட்ட சந்தோஷம்.

சீட்டோடு கீழே போனேன்.
மிளகாய் மூட்டைக்கு அடியிலிருந்து கிட்டான்,
“மிஷின் தப்புங்களா அம்மிணி?”
ஆமாம் என்றிருக்கலாம்.
அதற்கும் சேர்த்துத்தானே அதை வாங்கி வைத்திருக்கிறோம்.
“நான் எழுதினது” என்றேன்.
மூட்டையை இறக்காமலே நின்றான்.
“அப்பப் பணம் வந்துருமுங்களா?”

வந்துவிடும்.
ஏழு மணிக்கு முதலாளி வந்ததும்
அவன் பேருக்கு நேரே அந்த எண்ணை அடித்துத் திருத்த வைப்பேன்.

டீக்கடை குஞ்ஞாப்பு மட்டும்
கிட்டான் குடித்துவிட்டு எழுந்து போனதும்
இன்னமும்
கிளாஸ்களை எண்ணுகிறார்.