கீலிலிருந்து இறக்கிய கதவு

வியர்டேலில் மழை படுக்கைவாட்டில் பெய்யும்.
அன்றும் பெய்தது.
சேற்றுப் பூட்ஸைப் படிக்கட்டின் அடியில் விட்டு
ஈரக் காலுறையோடு
வக்கீல் ஆபீஸுக்கு ஏறிவந்தார் ஆம்புரோஸ் ஹெஸ்லப்.
வயது எழுபத்தெட்டு. ஆடுகள் நூற்று நாற்பது.
தம்பி ஒருவர்.

குமாஸ்தா லோர்னா டின்னிங்
தட்டச்சு செய்ததைப் படித்துக் காட்டினாள்:
ஆம்புரோஸ் ஆகிய நான் இதனால் பிக்வீத் செய்வது...

"நிறுத்தம்மா. அது என்ன பிக்வீத்?
கொடுக்கிறேன் என்று போட்டால்
உங்கள் மை தீர்ந்துவிடுமா?"

பழைய ஆங்கிலம் இரண்டு வருஷம் படித்து
பாதியில் விட்டவள் லோர்னா.
கேட்க ஆள் கிடைப்பது அபூர்வம்.
பேனாவை மூடி வைத்தாள்.

"கொடுப்பதில்லை ஐயா, சொல்வது.
க்வெதன் என்று ஒரு வினை இருந்தது.
ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில்
ஒருத்தன் வாயைத் திறந்தால் அதுதான்.
அப்புறம் ஸே என்கிற பங்காளி
வீடு முழுவதையும் எடுத்துக்கொண்டான்.
க்வோத் என்று ஒரு துண்டு மிஞ்சியது.
அதற்கு நிகழ்காலம் இல்லை, எதிர்காலம் இல்லை,
இறந்தகாலம் மட்டும்.
இன்னொரு துண்டு
முன்னொட்டு ஒன்றைப் பற்றிக்கொண்டு
இந்தத் தாளில் வந்து ஒண்டிக்கொண்டது.
எழுத்தறியாத ஊரில்
நாலு பேர் கேட்கச் சொன்னால் போதும்.
இன்ன கத்தி இன்னாருக்கு."

உயில் என்று நாம் சொல்வதுகூட
அவர்கள் சொல்தான்,
கடல் கடந்து வந்து உகரம் போர்த்திக்கொண்டது.
உயிருக்குப் பக்கத்தில் இருப்பதுபோல ஒலிக்கும்.
இல்லை.

ஆம்புரோஸ் ஜன்னலைப் பார்த்தார்.
"சொல்வது" என்றார்.
பிறகு: "வேலிக்கதவை என் தம்பி வில்ஃப்ரிட்டுக்கு எழுது."

இரண்டு மேய்ச்சலுக்கும் நடுவே இருக்கிற கதவு.
ஒரு பனிக்கால இரவில் அதைத் திறந்துபோட்டது யார்?
கிடா ஓடையில் விழுந்து செத்தது.
முப்பத்தொரு வருஷமாக
இரண்டு புகைபோக்கிகள்தான் எதிரெதிரே புகைந்தன.
அண்ணி இறந்தபோது வில்ஃப்ரிட்
சர்ச்சின் பின்வரிசையில் நின்றுவிட்டு
சொல்லாமல் கொள்ளாமல் போனார்.

லோர்னா உதட்டைக் கடித்தாள்.
"கீலில் தொங்குகிற கதவு நிலத்தோடு சேர்ந்தது.
நிலத்துக்கு வேறு வினை. டிவைஸ்."
"அதற்கு வேர்?"
"பிரிப்பது. லத்தீன்."
"பிரித்தாகிவிட்டது. அது வேண்டாம்."
"அப்படியென்றால் கதவு தனியாக இருக்க வேண்டும்.
கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தால் அது வெறும் பொருள்.
பொருளைத்தான் பிக்வீத் செய்யலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள், பாதி.
அவர் கையெழுத்துப் போடாமல் எழுந்துபோனார்.

கடப்பாரை, மண்ணெண்ணெய், ஒரு சுத்தியல்.
மேல் கீல் உடனே வந்துவிட்டது.
கீழ்க் கீலைத் துரு விடவில்லை.
மண்டியிட்டுத் தட்டினார்,
திட்டினார், தட்டினார்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
இரவு பத்து மணிக்கு
ஐந்து சட்டக் கதவு கற்சுவரில் சாய்ந்து நின்றது,
நிலத்தில் சேராத பொருளாக.

ஆடுகளுக்குச் சட்டம் தெரியாது.
விடிந்தபோது சிவப்புக் குறியும் நீலக் குறியும்
ஒரே சரிவில் மேய்ந்துகொண்டிருந்தன.

வில்ஃப்ரிட் வந்தார்.
கதவு இல்லாத இடத்தில் நின்றார்.
சாய்ந்திருந்த கதவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.
தொண்டையைச் செருமினார். முதல் செருமலில் ஒன்றும் வரவில்லை.

"உன் ஆடு" என்றார்.
"தெரியும்."

மத்தியானம்வரை பிரித்தார்கள்.
நாய்கள் இரண்டும் குழம்பி ஒன்றையொன்று மேய்த்தன.
கடைசியில் ஒரு பெட்டை ஆடு மிஞ்சியது.
சாயம் மழையில் கரைந்து
சிவப்பா நீலமா தெரியவில்லை.
என்னுடையது என்றார் ஆம்புரோஸ்.
உனக்குக் கண்புரை என்றார் வில்ஃப்ரிட்.
காதைப் பார், காதில் வெட்டு இருக்கும்.
எந்தக் காது?
உன் கிடாவுக்கு இருந்ததே, அந்தக் காது.
அதை ஏன் இப்போது எடுக்கிறாய்?
நீதான் எடுத்தாய்.

இருட்டும்வரை கேட்டது.

லோர்னாவின் இழுப்பறையில்
அந்தத் தாள் அப்படியே இருக்கிறது.
கதவு என்று தட்டச்சு செய்திருக்கிறாள்.
வினைக்கு இடம் விட்டிருக்கிறாள்.