தலைமாட்டில்

ஸ்காட்பர்க் கேரவன் பார்க், பதினேழாம் எண்.
நான்கு நாளாய்ப் பேச்சில்லை.
ஆனாலும் ஒழுக்கைக் கண்டுபிடிக்க
ஒருவர் மேலே குழாயோடு,
ஒருவர் உள்ளே அண்ணாந்து.

"வருதா?"
"இல்ல."
காற்றுத்துளையைச் சுற்றி ஊற்றினான் தயாளன்.
"இப்போ?"
"இல்ல."

சொட்டுவது என் தலைமாட்டில்.
ரப்பர் கிழிந்திருந்ததோ
ஏணிக் கோடியில்,
போன டிசம்பரில் குரங்குகள் குதித்த இடம்.
அத்தனை தூரமும்
பலகைக்கடியில் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது தண்ணீர்.

துடைத்தான், காயவிட்டான்,
ஒட்டுத்துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டினான்.
கூராய் விட்டால் கிளம்பிவிடுமாம்.
புல்லில் மேய்ந்த ஹடீடாவிடம் சொல்வதுபோல் சொன்னான்.
உருளையால் அழுத்தினான், ஓரமெல்லாம் பசை பிதுங்க.

நடுச்சாமம் மழை பிடித்தது.
கூரைமேல் இரைச்சலில் கடல் காணாமல் போனது.
அவன் விழித்திருப்பது மூச்சில் தெரிந்தது.
கேட்கவில்லை.
கையை நீட்டித் தலையணையைத் தடவினேன்.

"வரல" என்றேன்.