செம்பருத்தித் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு இருபது.
கரோங்கா மகப்பேற்று வார்டில், மூன்றாம் கட்டிலில்,
லுசுங்கு மல்லாந்து படுத்திருக்கிறாள்.
காலையில் இதே தரையைத் துடைத்தவள்.
தாயாக நடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றபோது
எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்;
அவள் வாளியை ஓரமாக வைத்தாள்.

இடுப்புக்கடியில் ஒரு சேலைன் பை.
காய்ந்த செம்பருத்தியைக் கொதிக்கவைத்து
வடித்த தண்ணீர் அதில்.
மருத்துவச்சி தவோங்கா குழாயைத் திறந்துவிட்டுக்
கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்:
"பிள்ளை பிறந்து பத்து நிமிடம்.
ரத்தம் நிற்கவில்லை. தொடங்குங்கள்."

இதெல்லாம் நான் பிறகு கேட்டது.
அந்நேரம் நான் சந்தையில்
பொரித்த உசிபா மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன்.
மருந்துக் குளிர்பெட்டியின் சாவி
என் கால்சட்டைப் பையில்
அதன் பாட்டுக்குத் தொடையை உரசிக்கொண்டிருந்தது.

ஒருத்தி வயிற்றைப் பிசைந்தாள்.
ஒருவன் நரம்பு தேடினான்.
"யாராவது ஆக்சிடோசின் கொண்டுவாங்க"
என்றார் டாக்டர் ம்சிஸ்கா, காற்றைப் பார்த்து.
காற்று போய் எடுத்து வரவில்லை.
மறுபடி கத்தினார்.
மூன்று பேர் ஓடினார்கள்,
மூன்று பேரும் ஒரே பூட்டின் முன்னால் முட்டிக்கொண்டார்கள்.

பதினோரு நிமிடம்.
"லுசுங்கு, நீ செத்துவிட்டாய்" என்றாள் தவோங்கா.
யாரோ சிரித்தார்கள்.
பிறகு அவர்களும் சிரிக்கவில்லை.

நான் திரும்பியபோது வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.
விரலில் மீன் வாடை.
ஏச்சு வாங்க முதுகைத் தயார் செய்துகொண்டேன்.
இங்கே வழக்கம் அதுதான்:
தவறுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால்
கூட்டம் கலைந்துவிடும்.
தவோங்கா என் பக்கம் திரும்பி
"சாவி எங்கே இருந்திருக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டாள்.
அந்தக் கேள்விக்கு
என்னிடம் ஒரு பொய்கூடத் தயாராக இல்லை.

அடுத்து, செத்தவளைப் பேசச் சொன்னார்கள்.
நனைந்த துணியை முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு
லுசுங்கு சொன்னாள்:
"என் வயிற்றோடு எல்லோரும் பேசினீர்கள்.
என்னோடு ஒருவரும் பேசவில்லை.
அப்புறம், டாக்டர்,
'யாராவது' என்ற பெயரில்
இந்த வார்டில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை."

ம்சிஸ்கா கண்ணாடியைக் கழற்றினார்.
துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.
"இன்னொரு தரம் செய்வோம்" என்றார்.

அன்று மாலை நிலைச்சட்டத்தில் ஆணி அடித்தேன்.
விதியில் அப்படி இல்லை என்றார் கணக்கர்.
விதியில் ஆணியே இல்லை என்றேன்.
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை அவர்.

பத்தொன்பது நாள் கழித்து, நள்ளிரவு, மின்சாரமும் போயிருந்தது.
மீனவக் குடும்பத்துப் பெண், நான்காவது பிள்ளை.
இதையும் நான் பிறகுதான் கேட்டேன்;
வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.
"தெம்வா, ஆக்சிடோசின், பத்து யூனிட்."
"ஆக்சிடோசின், பத்து யூனிட், டாக்டர். எடுக்கிறேன்."
கைபேசி வெளிச்சத்தை ஒருவன் பிடித்தான்.
தலைமாட்டில் நின்றது லுசுங்கு.
அந்தப் பெண்ணின் காதில்
நடப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

விடிந்து நான் போனபோது
தாய் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.
சாவி ஆணியில், தலைகீழாக மாட்டியபடி.
லுசுங்கு தரையில் குந்தியிருந்தாள்.
"செம்பருத்தி ஒரு வாளியில் போய்விட்டது" என்றாள்,
"இது மூன்று வாளிக்கும் போகவில்லை."
நான்காவதற்குக்
குழாயைத் திறந்துவிடச் சொன்னாள் என்னை.